இப்போ ஒன்னு, அப்புறம் ஒன்னு: ரேம் வாங்குவதில் இடிக்கிற கணக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும், ராத்திரியில் கேம். ரைசன் 7 7700 பிராசஸர், பி650 போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு என்று முடிவு செய்தாகிவிட்டது. ரேமில்தான் (ஓடுகிற புரோகிராம்கள் தற்காலிகமாகத் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம்) குழப்பம். கடலூர்க் கடையில் "இப்போ 16 ஜிபி ஒன்னு போடுங்க, காசு வர்றப்ப இன்னொன்னு சேர்த்துக்கலாம்" என்கிறார்கள். புதுச்சேரிக் கடையில் "8 ஜிபி நாலு போட்டா நாலு ஸ்லாட்டும் ரொம்பிடும், லைட்டோட பார்க்கவே அழகா இருக்கும்" என்கிறார்கள். கூட்டாளி ஒருவர் 7200 ஸ்பீடுக்குக் கீழே வாங்கவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு ஸ்டிக் (ரேம் பலகை) வாங்குங்கள். டிடிஆர்5 (உங்கள் போர்டு ஏற்கும் ரேம் தலைமுறை), 6000 ஸ்பீடு. உங்கள் வேலைக்கு 32 ஜிபி இரண்டு, ஆக 64. அதற்குக் கை எட்டவில்லை என்றால் 16 ஜிபி இரண்டு, ஆக 32. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். விடை இவ்வளவுதான். காரணம்தான் நீளம்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்பது. இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இப்போது வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரே சொல்லும். நீங்கள் செய்ததிலேயே பெரிய கல்யாண புராஜெக்டைத் திறங்கள். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், போட்டோஷாப், பாட்டு ஓடுகிற குரோம் என்று வழக்கமாக என்னவெல்லாம் திறந்திருக்குமோ அத்தனையையும் திறந்து அரை மணி நேரம் நிஜமாகவே வேலை பாருங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போனால் 'கமிட்டட்' என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் திறந்து வைத்திருப்பவை எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு நினைவகம் கேட்டிருக்கின்றன என்ற கணக்கு அது. பழைய மெஷினில் 16 ஜிபிதான் இருக்கிறது, கமிட்டட் 27 காட்டுகிறது என்றால், மீதி 11 ஜிபி அளவுக்கு விண்டோஸ் டிஸ்க்கைக் காட்டிச் சமாளிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவருக்கு 32 போதும், 16 போதாது. 40-ஐத் தாண்டினால் 64 வாங்கிவிட வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாக, 'கேஷ்டு' கட்டத்தில் எண் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். சும்மா கிடக்கிற ரேமை விண்டோஸ் தானாகவே எதற்காவது பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும்.

கல்யாண வேலை செய்பவர்களுக்கு நான் 64 என்று வாய்கூசாமல் சொல்வதற்கு ஆல்பமே முதல் காரணம். வீடியோ இரண்டாவதுதான். 12-க்கு 36 அங்குல விரிப்பு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). அதாவது 3600-க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு முழு லேயருக்கு 155 எம்பி. மாப்பிள்ளை பெண் கட் அவுட், பின்னணி, பூ வேலை, எழுத்து, நிழல் என்று 20 லேயர் போட்டால் 3 ஜிபி. அதன்மேல் போட்டோஷாப் வைத்துக்கொள்ளும் ஹிஸ்டரி வேறு. நீங்கள் ஒரு விரிப்பை மட்டுமா திறந்து வைப்பீர்கள்? முகூர்த்தம், ரிசப்ஷன், நலங்கு என்று நாலு திறந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் போன் பண்ணி "அந்த டீசரைக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்பார். பிரீமியரும் திறக்கும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இன்னும் பெருந்தீனிக்காரன். பிரிவ்யூ போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு ஃப்ரேமையும் சுருக்காமல் ரேமில் அப்படியே அடுக்கி வைக்கும். 4கே ஃப்ரேம் ஒன்று 3840-க்கு 2160. 16 பிட் புராஜெக்டில் அது 66 எம்பி பிடிக்கும். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு விநாடிக்கே 2 ஜிபி. பத்து விநாடி 'சேவ் தி டேட்' டைட்டிலை முழுத் தரத்தில் தடங்கலில்லாமல் ஓட்டிப் பார்க்க 20 ஜிபி ஆகிறது. 8 பிட்டில் பாதி. பிரிவ்யூவை 'ஹாஃப்' ரெசல்யூஷனுக்கு மாற்றினால் கால்வாசியாகக் குறையும், அதையும் பழக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: அடோபி மென்பொருள்கள் எல்லாம் ஒரே மெமரி பங்கைத்தான் தங்களுக்குள் பிரித்துக்கொள்கின்றன. பிரீமியரின் பிரிஃபரன்ஸில் மெமரி பகுதிக்குப் போனால், மற்ற புரோகிராம்களுக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று கேட்கும் எண் இருக்கும். 64 ஜிபி போட்ட பிறகும் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

அடோபி தன் பங்குக்குச் சொல்வது, எச்டி வேலைக்கு 16, 4கே வேலைக்கு 32 அல்லது அதற்கு மேல். டாவின்சி ரிசால்வ் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனமும் 16, அதில் எஃபெக்ட்ஸ் வேலைக்கான ஃப்யூஷன் பகுதியைப் பயன்படுத்தினால் 32 என்கிறது. ஒரு மென்பொருள் மட்டும் தனியாக ஓடுவதாக வைத்து அவர்கள் போட்ட கணக்கு இது என்பதை மறக்க வேண்டாம்.

கேம் பக்கம் நீளமாக எழுத ஒன்றுமில்லை. வேலரன்ட் மாதிரி விளையாட்டுகளுக்கு 16 தாராளம். இன்று வருகிற பெரிய கேம்களுக்கு 32 இருந்தால் நிம்மதி. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 மாதிரி ஒன்றிரண்டு மட்டும் 32-ஐப் பரிந்துரைத்து, 64 இருந்தால் உத்தமம் என்று சொல்கின்றன. எடிட்டிங்குக்கு வாங்கினால் கேமுக்குத் தானாகவே போதும்.

இனி கடலூர்க் கடைக்காரர் சொன்ன "இப்போ ஒன்னு, அப்புறம் ஒன்னு". அவர் ஏமாற்றவில்லை, உங்கள் பட்ஜெட்டைப் பார்த்து நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நான் பார்த்த ரேம் சம்பந்தமான தலைவலிகளில் பெரும்பங்கு இந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தவைதான். இரண்டு தனித்தனிச் சிக்கல் இதில் இருக்கிறது.

முதலாவது, இன்னொன்று வருகிற வரைக்கும் நீங்கள் ஒற்றைச் சேனலில், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரே பாதையில், ஓட்டுகிறீர்கள். பந்தியில் இலை போட்டு இரண்டு வரிசை ஆட்கள் உட்கார்ந்திருக்க, சாம்பார் வாளியோடு ஒரே ஆள் இரண்டு வரிசைக்கும் ஓடுவது போல. 6000 ஸ்பீடு ஸ்டிக் ஒன்று ஒரு விநாடியில் அதிகபட்சம் 48 ஜிபி தரும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் 8 பைட். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் உட்கார்ந்தால் 96. கேமில் சராசரி ஃப்ரேம் எண்ணைவிட, திடீர் திடீரென்று விழும் வெட்டுகளில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். "ஃப்ரேம் 90 காட்டுது, ஆனா அப்பப்ப இழுக்குது" என்று வருகிற மெஷின்களில் பக்க மூடியைத் திறந்தவுடன் நான் முதலில் பார்ப்பது ஸ்டிக் எத்தனை என்பதைத்தான்.

இங்கே சில கடைகளில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: "டிடிஆர்5 சார், ஒரு ஸ்டிக்கே டூயல் சேனல்தான்." பாதி உண்மை, பாதி விற்பனை. டிடிஆர்5 ஸ்டிக்குக்குள் 64 பிட் பாதை 32, 32 என இரண்டு துணைச் சேனலாகப் பிரிக்கப்பட்டிருப்பது நிஜம். ஆனால் மொத்த அகலம் அதே 64தான். ரோட்டின் நடுவே கோடு போட்டு இரண்டு லேன் ஆக்கினால் ரோடு அகலமாகிவிடாது. இரண்டு ஸ்டிக் போட்டால்தான் 128.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. ஆறு மாதம் கழித்து அதே கம்பெனி, அதே மாடல் நம்பர் என்று தேடி வாங்கிச் செருகினாலும் உள்ளே இருக்கும் சிப் அதேதான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உலகத்தில் இந்த சிப்களைப் பெரும்பாலும் தயாரிப்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர்தான். ஸ்டிக் விற்கும் பிராண்டுகளில் பலவும் அந்த நேரத்தில் கிடைக்கும் சிப்பை வாங்கி, மேலே தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்கின்றன. பெட்டி ஒன்று, உள்ளே சரக்கு வேறு. ஜோடியாக விற்கும் கிட் என்பது அந்த இரண்டும் சேர்ந்து அந்த ஸ்பீடில் ஓடும் என்று சோதித்து அடைத்தது. தனித்தனியாக வாங்கியவற்றுக்கு அந்தச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் உங்கள் வாடிக்கையாளரின் கல்யாணத்தை வைத்து.

நானே அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு, டிடிஆர்4 காலம். ஒரு 16 இருந்தது, பக்கத்தில் இன்னொரு 16 போட்டேன். மாடல் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆன் ஆனது, கேம் ஓடியது, இரண்டு வாரம் ஒரு குறையுமில்லை. தை மாதத்தில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவை ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் 80 சதவீதத்தில் செத்துக் கிடந்தது. மறுபடி போட்டேன், இந்தத் தடவை 60-இல். மூன்றாம் தடவை முழுதாக முடிந்தது, ஆனால் தாலி கட்டுகிற காட்சியில் பச்சைப் பட்டை. பிரீமியரைத் திட்டினேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸைக்கூடப் புதிதாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் புதுசாகப் போட்ட ஸ்டிக்கைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியது. பிடுங்கியதும் எல்லாம் சரி. இரண்டு ஸ்டிக்கும் தனித்தனியாக நல்லவைதான், சேர்ந்தால்தான் ஆகவில்லை. ரேம் கெட்டால் "ரேம் கெட்டுவிட்டது" என்று எழுதிக் காட்டாது என்பதுதான் இதில் கொடுமை. வேறு ஏதோ ஒன்று கெட்ட மாதிரியே வேஷம் போடும்.

அதனால் பணம் குறைவு என்றால், இன்று 16 ஜிபி ஜோடி வாங்குங்கள். பிற்பாடு 64 தேவைப்பட்டால் அந்த ஜோடியைப் பில்லோடு விற்றுவிட்டு 32 ஜிபி ஜோடியை வாங்குங்கள். சேர்க்காதீர்கள், மாற்றுங்கள். கொஞ்சம் நஷ்டம் வரும்தான். வாங்குகிற நிம்மதிக்கு அது பெரிய தொகை இல்லை.

புதுச்சேரிக் கடைக்காரரின் நாலு ஸ்டிக் யோசனை அழகு சம்பந்தப்பட்டது, அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கண்ணாடி கேபினட்டில் நாலும் மின்னினால் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் பிராசஸருக்குப் பிடிக்காது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி எழுத்தில் தரும் உறுதி இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. ஆமாம், 3600. அதற்குமேல் ஓடுவது உங்கள் போர்டு, உங்கள் சிப், உங்கள் அதிர்ஷ்டம். இரண்டு ஸ்டிக் 6000-இல் ஓடுவது இன்று சர்வசாதாரணம், நாலு ஸ்டிக் 6000-இல் ஓடினால் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அது போதாதென்று, 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குக்கே ஒரு பிறவிக் குறை உண்டு. கடைகளில் கிடைக்கும் டிடிஆர்5 சிப் ஒன்றின் கொள்ளளவே குறைந்தது 2 ஜிபி என்பதால், 8 ஜிபி ஸ்டிக்கில் எட்டுக்குப் பதில் நாலே சிப்தான் இருக்கும். அந்தவகை சிப்பில் உள்ளே இருக்கும் பேங்க் குழுக்கள் (மாறி மாறி வேலை செய்யும் பகுதிகள்) பாதிதான், அதனால் அதே ஸ்பீடு எழுதியிருந்தாலும் 16 ஜிபி ஸ்டிக்கைவிடச் சுணங்கும். அழகுதான் வேண்டும் என்றால், உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் லைட் ஸ்டிக் என்றே தனியாக விற்கிறார்கள், மீதி இரண்டு ஸ்லாட்டில் அதைச் செருகிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது.

கூட்டாளியின் 7200-க்கு வருவோம். பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சிஎல் என்று சின்னதாக இன்னொரு எண் இருக்கும். கேட்ட தரவு வரத் தொடங்குவதற்கு எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு சுலபக் கணக்கு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ஸ்பீடு எண்ணால் வகுத்தால் நானோ விநாடி கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. 5200 சிஎல்40 என்றால் 15.4. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-உம் அதே 10தான். புதுசு என்பதாலேயே காத்திருப்பு குறைந்துவிடுவதில்லை, ஒரே நேரத்தில் அள்ளிவரும் அளவுதான் கூடியிருக்கிறது.

7200 ஏன் வேண்டாம் என்றால், ரைசன் 7000-இல் மெமரி கன்ட்ரோலர் (பிராசஸருக்குள் ரேமை இயக்கும் பகுதி) ரேமோடு சம வேகத்தில் ஓடுவது பெரும்பாலும் 6000, மிஞ்சினால் 6400 வரைக்கும்தான். அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும், கிடைத்த லாபம் அங்கேயே கரையும். இன்னொன்றும் உண்டு. 7700-க்குள் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) எல்லாம் ஒரே சிப்லெட்டில், அதாவது ஒரே சிறு சிப்பில், இருக்கின்றன. அதற்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள உள்பாதை 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், படிக்கிற திசையில் விநாடிக்கு 64 ஜிபிக்கு மேல் கடக்க முடியாது. ஒற்றை ஸ்டிக்கின் 48 அந்தப் பாதையை நிரப்பாது, ஜோடியின் 96 நிரப்பி வழியும். வழிகிற குடத்துக்கு இன்னும் பெரிய குழாய் எதற்கு? இன்டெல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், 7200 அங்கே அர்த்தமுள்ள பேச்சு. உங்களுக்கு இல்லை. அதே போல, பிற்பாடு 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள பிராசஸருக்கு மாறினால் கேமில் ரேம் ஸ்பீடின் பங்கு இன்னும் குறைந்துவிடும்.

சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் விலை வித்தியாசம் கணிசமாக இருந்தால் யோசிக்காமல் சிஎல்36-ஐ எடுங்கள். எடிட்டிங்கில் அந்த 2 நானோ விநாடியை நீங்கள் உணரப்போவதில்லை. மிச்சத்தை ஜிபியில் போடுங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு "அண்ணே 64 போட்டும் டைம்லைன் திக்குதே" என்று வரக்கூடாது. உங்கள் கேமராவில் 4கே 10 பிட் 4:2:2 (நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் வகை) எடுக்கிறீர்கள் என்றால் அதன் திக்கலுக்கு ரேம் மருந்தில்லை. அந்த வகைக் கோப்பைப் பிரித்துக் காட்டும் வசதி ஆர்டிஎக்ஸ் 4060-இல் இல்லை, ரைசனின் உள் கிராபிக்ஸிலும் இல்லை, எல்லாச் சுமையும் கோர்களின் தலையில் விழும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் அது வந்திருக்கிறது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் உள் கிராபிக்ஸ் உள்ளவற்றில் எச்265 வகைக்கு இருக்கிறது. கார்டை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் கவலை வேண்டாம், ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் செய்யும் லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள். அதே போல ரிசால்வில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடும்போது 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று வந்தால் அது கார்டிலேயே இருக்கும் 8 ஜிபியைப் பற்றிய புலம்பல். அதற்கும் நீங்கள் வாங்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை.

விலை. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரிக்குத் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டார்கள், அங்கே லாபம் அதிகம். மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்த க்ரூஷியல் பிராண்டை மூடப்போவதாகவே 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் கேபினட்டின் லைட், போர்டின் ஆடம்பரம், சிஎல் எண் என எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், ஜோடி என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். 64 கட்டுப்படியாகாமல் 32 போதாமல் தவித்தால், 24 ஜிபி இரண்டு கொண்ட 48 ஜிபி கிட் என்று நடுவில் ஒன்று இருக்கிறது. பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

"பாண்டில வாங்கினா டாக்ஸ் கம்மி" என்ற பழைய நினைப்பில் பஸ் ஏற வேண்டாம். 2017 ஜூலை முதல் எங்கும் ஜிஎஸ்டிதான், ரேமுக்கு 18 சதவீதம், கடலூரானாலும் புதுச்சேரியானாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும். அங்கே போனால் சரக்கு வகை அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான். ஜிஎஸ்டி பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரண்டிக்குப் பில்தான் ஆதாரம். பிராசஸரைவிட நீளமான வாரண்டி ரேமுக்குத் தருகிறார்கள், அதை ஒரு துண்டுச் சீட்டுக்காக இழக்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் ஜோடியாகவே எடுங்கள், கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் போர்டு கம்பெனியின் தளத்தில் மெமரி சப்போர்ட் பட்டியலைத் திறந்து, அந்த கிட்டின் மாடல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாததும் ஓடலாம். இருந்தால் வாக்குவாதம் மிச்சம். பெட்டியில் 'எக்ஸ்போ' (எழுதிய ஸ்பீடில் ரேமை ஓட்ட ஏஎம்டி வகுத்த அமைப்பு) என்று இருந்தால் ஏஎம்டி போர்டுக்கு உத்தமம், 'எக்ஸ்எம்பி' (அதே வேலைக்கு இன்டெல் வகுத்தது) மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். பெரிய ஏர் கூலர் போடுகிறீர்கள் என்றால் ஸ்டிக்கின் உயரத்தையும் அளந்து பாருங்கள், கூலர் ஃபேன் இடித்து ஸ்டிக்கைச் செருக முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு.

பொருத்தும்போது பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல் இரண்டிலும் போட்டால் ஒற்றைச் சேனல், ஜோடி வாங்கியதே வீண். முதல் தடவை ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், படம் வராது. போர்டு ரேமோடு பழகிக்கொள்கிறது, சில நிமிடங்கள் ஆகும், 64 ஜிபி என்றால் இன்னும் கூடலாம். செத்துவிட்டது என்று நினைத்து பவரைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

படம் வந்ததும் முதல் வேலை பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். 2023-இல் எக்ஸ்போ போட்ட சில போர்டுகள் பிராசஸருக்கு அதிக வோல்டேஜ் கொடுத்து எரித்தன, அதன்பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்துப் புது பயாஸ் கொடுக்க வைத்தது. பழைய ஸ்டாக் போர்டு கைக்கு வந்தால் உள்ளே பழைய பயாஸ்தான் இருக்கும். அப்டேட் முடியும் வரை கரண்ட் போகக்கூடாது, அதனால் யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியதை நீங்களும் பார்த்தவர்தான்.

இரண்டாவது வேலை, பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்வது. இதைச் செய்யாதவரை 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருடமாக அப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் 6000 காட்டுகிறதா என்று பாருங்கள். சிபியு-இசட் மென்பொருளில் 3000 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் உண்மையான துடிப்பு பாதிதான், இரண்டு எண்ணும் சரி.

தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டியோ வீடு என்றால் ஒரு குறிப்பு. உப்புக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த மெஷின் ஒரு நாள் திடீரென்று டிஸ்ப்ளே வராமல் நிற்கும். ஸ்டிக்கைக் கழற்றி, தங்கப்பூச்சுப் பல்லை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் பாதி கேஸ் அங்கேயே சரியாகிவிடும். அழுத்தித் தேய்க்கக்கூடாது.

கடைசியாகச் சோதனை. மார்கழியிலேயே அசெம்பிள் செய்துவிடுங்கள், தை முகூர்த்தம் ஆரம்பித்தபின் சோதிக்க நேரம் இருக்காது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எக்ஸ்போ ஆன் ஆன நிலையில் ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. "ஒன்னு ரெண்டு வரும் சார், அது பரவால்ல" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மார்கழிக் குளிரில் பாஸ் ஆனதைச் சித்திரையில் ஒரு மத்தியானம் ஏசி போடாமல் மறுபடி ஓட்டுங்கள். சூடு ஏறினால் ரேம் தடுமாறும், கத்திரி வெயிலில் கடலூர் மொட்டைமாடி அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிழை வந்தால் எக்ஸ்போவை ஆஃப் செய்து திரும்ப ஓட்டுங்கள். அப்போது சுத்தமாக இருந்தால் ஸ்டிக் சாகவில்லை, அந்த ஸ்பீடுதான் ஒத்துக்கொள்ளவில்லை. 5600-க்கு இறக்கிப் பார்க்கலாம், ஆனால் 6000 என்று விற்றது 6000-இல் ஓட வேண்டும், மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆஃப் செய்தும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனித்தனியே ஓட்டி எது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்துக் கடைக்குக் கொண்டுபோனால், "அந்த ஒன்னை மட்டும் கொடுங்க, வேற தர்றேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். இரண்டையும் பெட்டியோடு மேஜையில் வைத்து, பிரிக்காத இன்னொரு பெட்டியைக் கேளுங்கள்.